டவரிலிருந்து வந்த ஒன்றரை வோல்ட்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் கிடங்குச் சுவரில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று தொங்கும். ஈரம் ஜாஸ்தியானால் தோலில் பூஞ்சை பிடித்துவிடும். அந்தக் கருவியின் பட்டன் பேட்டரியோ அடிக்கடி பச்சை பூத்துச் செத்துப்போகும். ஐந்தாறு முறை மாற்றி அலுத்துப்போனபோதுதான், காற்றில் பரவியிருக்கும் ரேடியோ அலைகளிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுக்கலாம் என்று டிப்ளமோவில் படித்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கருவிக்குத் தேவையும் கொஞ்சம்தானே!

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு எதிரிலேயே செல்போன் டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமிரத் தகட்டை வெட்டி ஆண்டெனா செய்தேன். அலையை மின்சாரமாக மாற்ற சில டயோடுகளையும் சேமித்து வைக்க ஒரு கெப்பாசிட்டரையும் பற்றவைத்தேன். மீட்டர் அசையவே இல்லை. கையில் கிடைத்த சாதாரண டயோடுகளைப் போட்டதுதான் தப்பு. அவ்வளவு வேகமான அலைக்கு அவை ஈடுகொடுக்காது. வேலூரில் தேடி, அந்த வேகத்துக்கென்றே உள்ள ஷாட்கி டயோடு வாங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆண்டெனாவை டவர் பக்கம் திருப்பியதும் மீட்டரில் எண் ஏறத் தொடங்கியது. அரை வோல்ட். ஒன்று. ஒன்றரை. கிடங்கிலிருந்து கொண்டு வந்திருந்த, பேட்டரி இல்லாத கருவியை இணைத்தேன். திரையில் எண்கள் தெரிந்தன. நான் போட்ட கூச்சலில் என் கணவர் மேலே ஓடி வந்தார். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருப்பவர், எதையும் லேசில் நம்ப மாட்டார்.

"உள்ள பழைய சார்ஜ் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்" என்றார்.

விவாதிக்காமல் சமையலறையிலிருந்து பெரிய அலுமினியத் தட்டை எடுத்து வந்து ஆண்டெனாவுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் எண்கள் மங்கி மறைந்தன. தட்டை எடுத்தார். மெல்லத் திரும்பி வந்தன. மறுபடி மறைத்தார், மறுபடி எடுத்தார். ஏழெட்டு முறை அதையே செய்தார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை.

கிடங்கில் அது சுலபமாக நடக்கவில்லை. தகரக் கூரைக்குள் அலை நுழையவே இல்லை. ஆண்டெனாவை, அங்கே பக்கத்திலிருந்த டவரைப் பார்த்த வெளிச்சுவரில் பொருத்தி, ஜன்னல் வழியாக வயரை உள்ளே இழுத்தேன். சாயங்காலத்துக்குள் திரை உயிர் பெற்றது. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கருவியைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பேட்டரி இடம் காலி.

"கரெண்ட் எங்கேருந்து வருது?"

"டவர்லேருந்துக்கா. காத்துலயே வருது."

நம்பினாரா தெரியவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை, பின்பக்கக் கிடங்குக்கு ஒன்று எப்போது வரும் என்று அவரே என் மேஜைக்கு வந்து கேட்டார். அன்றே தாமிரத் தகடு வாங்கிவிட்டேன்.