ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பதில்

பத்திரிகைக்கு எழுதும் அளவுக்கு நான் படித்தவன் அல்லன். பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஈஜோக் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறேன். நானும் சவரிமுத்து அண்ணனும் பல வருஷங்களாகக் கிறிஸ்துமஸுக்கு இளைஞர்களுக்கு நாடகம் பழக்கி வருகிறோம். மைக் கிடையாது, குரல்தான் எல்லாம். அதனால் வேலை முடிந்த பிறகு பையன்களை ஓடைக்கரை ரப்பர் மரங்களுக்கிடையே தள்ளித் தள்ளி நிறுத்தி வசனம் பேசவைப்போம். கடைசி மரத்தடியில் நிற்பவன் பதில் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் ஒருநாள், ஊரடங்குக்கு நேரமாகிறதே என்று எல்லாரையும் அருகே அழைத்துக்கொண்டோம். ஏரோது ராஜாவாக நடிக்கும் அந்தோணிக்கு அன்று குரலே எழும்பவில்லை.

"என்னடா ராஜா, கஞ்சி குடிக்கலையா? இப்படிக் கேளு" என்று அண்ணன் தாமே முழங்கினார்: "காவலா, கோட்டைக் கதவை அடைத்தாயா?"

ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து, "அடைத்துவிட்டேன், ராஜாவே" என்று பதில் வந்தது.

காவலனாக நடிப்பவன் என் பக்கத்தில்தான் நின்றான். நாடகமோ நாங்களே எழுதியது. யாரோ பல நாளாக ஒளிந்திருந்து கேட்டிருக்க வேண்டும்.

பையன்கள் ஓடப் பார்த்தார்கள். ஓடினால் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் சுடலாம். ரோந்து வரும் சிப்பாய்களும் சுடலாம். அண்ணன் மெதுவாக, "யாரும் ஓடாதீங்கடா. மேடையில நடக்கிற மாதிரி, பேசிக்கிட்டே நடங்கடா" என்றார். அப்படியே நாங்கள் குடியிருக்கும் லயம் வந்து சேர்ந்து, எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னோம்.

இப்போது ஒத்திகையெல்லாம் லயத்து வாசலில், தாழ்ந்த குரலில்தான்.

மண்டோரிடம் சொன்ன மறுநாளே பட்டாளத்தார் ஓடைக்கு அந்தப் பக்கம் தேடினார்கள். யாரும் அகப்படவில்லை.