கரி எரியும் வரை கால்வாய் காத்திருக்குமா?

பொக்லைன் வண்டிக்கு சர்வீஸ் பார்க்கிறவனுக்கு வண்டியைச் சரிசெய்வது பாதி வேலை, வண்டிக்காரரைச் சமாதானப்படுத்துவது மீதி வேலை. மிக்சியோ மோட்டாரோ, எதையாவது ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

வெள்ளைத் துணி

மண் அள்ளும் வண்டிகளுக்கும் புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு, கரியைப் பிடித்துவைக்க சைலன்சரில் ஒரு வடிகட்டி வருகிறது. ராஜபாளையம் சுப்பையா அண்ணாச்சி புது வண்டி எடுத்த அன்று, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை சைலன்சர் வாயில் பிடித்துப் பார்த்தார். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் பெருமையாக நின்றேன், அவர் முகம் வாடிவிட்டது.

"ஏம்ப்பா, புகையே காணோமே, இது மண்ணு அள்ளுமா, இல்ல சும்மா நிக்குமா?"

தள்ளிப்போடும் பொத்தான்

சும்மாவும் நிற்கும். வடிகட்டி நிறைந்தால் விளக்கு எரியும். அப்போது வேலையை நிறுத்தினால், வண்டி நின்ற இடத்திலேயே உறுமிச் சூடேறி, அரைமணி நேரத்தில் கரியை எரித்துவிடும். அவசரத்துக்குத் தள்ளிப்போட ஒரு பொத்தானும் உண்டு.

அண்ணாச்சியின் டிரைவர் கருப்பசாமிக்கு எப்போதும் அவசரம். கான்சாபுரம் கால்வாயைத் தூர்வாரிக்கொண்டிருந்தார். மறுநாள் பிளவக்கல் அணையைத் திறக்கிறார்கள். கடைமடையில் அவருடைய நாற்று காய்ந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்தபோதெல்லாம் பொத்தானை அமுக்கியிருக்கிறார். கடைசியில் வடிகட்டி அடைத்து, வண்டி இழுவை இல்லாமல் முனகியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் ஓடினேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வேலை செய்யாம டீசல் குடிக்கிறத எப்படி தம்பி பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுத?"

இரண்டு பேர்

சூட்டில் தீப்பிடித்துவிடாமல் இருக்க, பக்கத்திலிருந்த வைக்கோல் போரை விட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தி, லேப்டாப்பை மாட்டி, கரியை எரிய விட்டேன். அடைப்பு அதிகம் என்பதால் ஒரு மணி நேரம் தாண்டியது. கரையில் நின்றவர்கள் வண்டியை முறைத்துவிட்டு என்னையும் முறைத்தார்கள். கருப்பசாமியால் சும்மா நிற்க முடியவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கூச்சமாக இருந்தது, நானும் இறங்கினேன். கரி எரிந்து முடிந்ததும் வண்டி பழைய பலத்தோடு வந்து மிச்சத்தை இருட்டுவதற்குள் அள்ளிப் போட்டது. மறுநாள் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்தது. நானே நாற்று நட்டதுபோல் எனக்குச் சந்தோஷம்.

சில நாள் கழித்து கருப்பசாமி போன் செய்தார். பின்னால் எஞ்சின் உறுமுகிற சத்தம். மறுபடியும் என்ன கோளாறோ என்று பதறிவிட்டேன்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, விளக்கு எரிஞ்சுது. அது கரிய எரிக்குது, நான் வரப்புல நின்னு நாத்தப் பாக்கேன். ரெண்டு பேரும் செத்த நேரம் நின்னுக்கிடுதோம்."

அரசாங்கம் புகையை மட்டும்தான் குறைக்கச் சொன்னது, கருப்பசாமியின் பரபரப்பும் சேர்ந்து குறைந்துபோனதற்கு நான் பொறுப்பல்ல.