குட்டி அம்மாவைப் பார்த்த நாள்

பிறந்ததிலிருந்து எல்லாமே மங்கலாகத் தெரிகிற குழந்தைக்கு, அது மங்கல் என்பது எப்படித் தெரியும்? இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ராயப்பேட்டையில், மீன் வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் கலந்து வீசும் மார்க்கெட் சந்தில் எங்கள் வீடு. என் தங்கையைக் 'குட்டி' என்போம். பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் அவளுக்குக் கால்கள் விறைத்திருந்தன, கழுத்து நிற்காது, பேச்சும் வரவில்லை. யார் கூப்பிட்டாலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். "இன்னா 'கெத்து' பாரு! மகாராணி நம்மகிட்ட மூஞ்சி குடுக்க மாட்டாங்களா?" என்று மீன்கார அக்கா வம்பிழுப்பார். வீடே சிரிக்கும். அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அடையாறுக்குப் பயிற்சிக்குப் போவாள்; அங்கேயும் எல்லோரும் கால்களைத்தான் பார்த்தார்கள்.

ஒரு கோடை விடுமுறையில் நானும் கூடப் போயிருந்தபோது, அந்தப் பயிற்சி மையத்துக்குக் கண் டாக்டரம்மா ஒருவர் வந்தார். குட்டியை அம்மாவின் மடியில் உட்காரவைத்து, கழுத்துக்குத் துண்டைச் சுருட்டி அண்டக்கொடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட சாம்பல்நிற அட்டையை நீட்டினார். குட்டியின் கண்கள் மெல்ல நகர்ந்து கோடுகளிடம் போய் நின்றன. அட்டையை மாற்றிப் பிடித்தார். கண்களும் அந்தப் பக்கம் போயின. மெலிந்த கோடுகள் உள்ள அட்டைகளாக மாற்றிக்கொண்டே போக, ஓர் அட்டையில் அவள் கண்கள் தேடி அலைந்து ஓய்ந்தன. ஒரு வார்த்தையும் பேசத் தெரியாத என் தங்கை, தனக்கு எதுவரை தெரிகிறது என்று எங்கள் எதிரிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் திரும்பிக்கொள்ளும் குட்டியின் 'கெத்தை' அம்மா சொன்னதும், "கெத்தெல்லாம் இல்லம்மா, அவளுக்கு முகம் தெரியல. அதான் காதைக் கொடுத்துக் கேக்குறா" என்றார் டாக்டரம்மா.

தலையைச் சுற்றிப் பட்டை வைத்த கண்ணாடி வந்தது. மாட்டிவிட்டதும் குட்டி அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை, அம்மாவுக்கே வெட்கமாகிவிட்டது. "இன்னாடி அப்டிப் பாக்குற? நான்தான்டி, ஒங்கம்மா!"

அந்த மையம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. குறைமாதத்தில் பிறந்த என் மகனுக்கும் கால்களில் விறைப்பு இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தையே பார்க்கிறான், நான் சிரித்தால் சிரிப்பதில்லை. டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். "முதல்ல கால் சரியாகட்டும், கண்ணை அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் கணவர். இரண்டு பேரையும் நம்பத்தான் ஆசை. குட்டியை நினைத்துக்கொண்டு நான்தான் வீணாகப் பதறுகிறேனா?

இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனையாவது மாதத்தில் கண்ணை டாக்டரிடம் காட்டினீர்கள்? கால் சரியாகட்டும் என்று காத்திருந்தவர்கள் இருந்தால், பிறகு என்ன ஆனது என்பதையும் தயவுசெய்து மறைக்காமல் எழுதுங்கள்.