இரவல் பித்தளை

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரெல்லாம் கொண்டாட்டம். எங்கள் வளவு மட்டும் மூட்டை கட்டும். அருவிக்குப் போகும் தெருவுக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு அறைகள், ஆறு குடும்பங்கள். ஆனி பிறந்ததும் வீட்டுக்காரர் வந்து நின்று, "சீசன்காரவ வாராவ, சாமான எடுத்துக்கிடுங்க" என்பார். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் குளிக்க வருகிறவர்கள் எங்கள் அறைகளில் இரண்டு மாதம் தங்குவார்கள். நாங்கள் கொல்லையில் அவர் போட்டுத்தரும் ஓலைக் கொட்டகைக்குப் போய், குடும்பத்துக்குக் குடும்பம் பழைய சேலையைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு இருப்போம். ஆவணியில் திரும்பக் கூப்பிடுவார். போய்ப் பார்த்தால் என் அடுப்பில் யாரோ சமைத்த கரி, என் சுவரில் யாரோ அடித்த ஆணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இது வருஷா வருஷம் நடந்தது. அநியாயம் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

முதலில் அப்படிச் சொன்னது தென்காசியில் இருந்த ஒரு சங்கம். ஒரு வக்கீல் அதற்குத் தலைவர். ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு வேண்டும், அதற்குச் சர்க்கார் புறம்போக்கு நிலம் தரவேண்டும் என்று தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் மனுமேல் மனு போட்டார்கள். அந்த மனுக்களை எல்லாம் எழுதியது என் கணவர். ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் தென்காசிக்கு நடந்தே போய் எழுதிக்கொடுத்துவிட்டு நடந்தே வருவார். கால் வலிக்கவில்லையா என்று கேட்டால், "ஊருக்குத்தானட்டி எழுதுதேன்" என்பார். எனக்காகத்தான் எழுதுகிறார் என்று நான் வைத்துக்கொள்வேன். ஓட்டுக்கூரை, தனி அடுப்பங்கரை, ஆனியில் எவரும் வந்து எழுப்பிவிட முடியாத ஒரு வாசல். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் அலைந்த பிறகு நிலம் கிடைத்தது. நாலு பெரிய மனிதர்கள் கைகொடுக்க, தென்காசி சாலையில் முதல் வரிசையாக நாலு வீடு எழும்பியது. கேட்டவர்களோ ஏராளம். சங்கத்தார் நேரில் வந்து பார்த்து, அதிகக் கஷ்டத்தில் இருக்கிற நாலு குடும்பத்தைப் பொறுக்குவது என்று ஏற்பாடு. எங்கள் பெயரும் கொடுத்திருந்தோம். எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். மனு எழுதுகிறவன் தன் வீட்டுக்குச் சிபாரிசு பேசக்கூடாது என்று என் கணவர் மறுத்துவிட்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

கொட்டகையில் என் சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவளைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். அவள் புருஷன் அருவிக்கரையில் சீசன்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் முடிந்தால் கிடைத்த கூலிக்குப் போவார். அவள் வாசுதேவநல்லூர்க்காரி, என்னைவிட நாலு வயது சின்னவள், என்னை மதினி என்று கூப்பிடுவாள். அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவள் வைக்கிற ரசம் தடுப்பைத் தாண்டி மணக்கும். அவள் புருஷன் சாயங்காலம் வரும்போது வாழையிலையில் பிச்சிப்பூ பொதிந்து கொண்டுவருவார். என் கணவர் சட்டையெல்லாம் சாக்குக்கட்டித் தூளோடு வருவார். இதையாவது பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அவளுடைய பித்தளை. அம்மா வீட்டுச் சீராக வந்த ஓர் அண்டா, இரண்டு குடம், ஒரு குத்துவிளக்கு, அரிசி போட்டுவைக்கிற பெரிய பானை. சோற்றுக்கு இல்லாத நாளிலும் அவற்றை அடகுக்கு அனுப்பமாட்டாள். சனிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்து, வெயில் எட்டிப் பார்க்கும் கொஞ்ச நேரத்தில் கொட்டகை வாசலில் கவிழ்த்து வைப்பாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பண்பொழியில் அடுத்தவர் வயலில் உழுது வாழ்ந்த என் அப்பா என்னை ஓர் ஈயச் செம்போடு அனுப்பிவைத்தவர். அந்த அண்டா மின்னுகிறபோது எனக்கு வயிறு எரியும். தலையை வலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை வக்கீல் வீட்டம்மாவும் சங்கத்துச் செயலாளரும் பார்க்க வருவதாக என் கணவர் வந்து சொன்னார்.

"உள்ளபடி இருந்தாப் போதும். நீ ஒண்ணும் செய்யாண்டாம்" என்றார்.

அது எப்படி முடியும்? வக்கீல் வீட்டம்மா வருகிறபோது வாத்தியார் பெண்சாதி வாய் உடைந்த மண்பானையை வைத்துக்கொண்டு நிற்பதா? எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தாலும் சரி, சம்பந்தக்காரர் வந்தாலும் சரி, அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வது புதிதே இல்லை. கேட்டால் தருவார்கள், தேய்த்துத் திருப்பிக் கொடுப்போம், ஒருவரும் வெளியே சொல்லமாட்டார்கள். அந்தப் பழக்கம்தான் அன்றும் வேலை செய்தது. வருகிறவர்கள் எங்கள் இல்லாமையைப் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கை கேட்கவில்லை. இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பித்தளை என் பக்கம் இருந்தால் அவள் பக்கம் இருக்காது. வக்கீல் வீட்டம்மா அதைப் பார்த்து அவளை மெச்சிவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

"ஏட்டி, ஒன் அண்டாவையும் கொடத்தையும் ஒரு பொழுதுக்குக் குடு. விளக்கையும் குடு" என்றேன்.

"எடுத்துக்கிடுங்க மதினி. அரிசிப் பானையும் வேணுமா?"

வேண்டும் என்றேன். அரிசியை ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, அவளே எல்லாவற்றையும் தூக்கிவந்து என் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். நான் தரையை மெழுகிக் கோலம் போட்டு விளக்கை ஏற்றினேன்.

வக்கீல் வீட்டம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். பின்னால் செயலாளர், கையில் நோட்டும் பென்சிலும். என் கணவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். என் தடுப்புக்குள் நுழைந்ததும் அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"கொட்டகையிலயும் எவ்வளவு லட்சணமா வச்சிருக்கீங்க. இதெல்லாம் உங்க பாத்திரமா?" என்று கேட்டார்.

தடுப்புச் சேலையின் ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஆமாம்மா. எங்க அம்மை வீட்டுச் சீரு" என்றேன்.

செயலாளர் எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்க்கவே எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அந்தப் பக்கம் போனார்கள். அங்கே என்ன இருந்தது? ஒரு பாய், இரண்டு மண்சட்டி, சாக்கில் கொஞ்சம் அரிசி. ஒழுகுகிற இடத்தில் அவள் எப்போதும் வைக்கிற குடம் என்னிடம் இருந்ததால் தரை குளமாகக் கிடந்தது. என்னிடம் நின்றபடி பேசிய வக்கீல் வீட்டம்மா அங்கே அந்த ஈரப் பாயில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் பேசினார். அவ்வளவு நேரம் அவளிடம் என்ன பேச்சு என்று எனக்கு உறுத்தியது. அப்போதும் என் மண்டைக்கு விஷயம் எட்டவில்லை. அவர்கள் போனதும் எல்லாவற்றையும் தேய்த்து அவளிடம் கொடுத்துவிட்டேன். என் கணவர் வரும்போது என் பக்கத்தில் மண்பானைதான் இருந்தது.

பத்து நாள் கழித்து அவர் தென்காசியிலிருந்து வந்து பெயர்களைச் சொன்னார். நாலில் ஒன்று எண்ணெய் தேய்க்கிறவர் குடும்பம். எங்கள் பெயர் இல்லை.

"பாத்திரம் பண்டத்தோட வசதியா இருக்காவன்னு நம்மள எழுதியிருக்கு. யாரப் பாத்து எழுதினாவளோ, ஒண்ணும் வெளங்கல" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. எழுந்து வாய்க்காலுக்குப் போனேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு ஒன் வாயில கொழுக்கட்டையா இருந்துது? எம் பாத்திரம்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மை வீட்டுச் சீருன்னு நீங்க சொன்ன பொறவு, இல்லன்னு நான் எப்படி மதினி சொல்லுவேன்? அந்தம்மா முன்னால ஒங்க மொகம் என்னத்துக்கு ஆவும்?"

"வீட்டுக்கு ஆசப்பட்டுல்லா பேசாம நின்ன."

"ஆச இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள். கோபமே இல்லை அவளுக்கு. துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள். "வாங்க, இப்பவே தென்காசிக்குப் போவோம். அதெல்லாம் என்னுதுன்னு நானே சொல்லுதேன். அந்த வீடு ஒங்களுக்குக் கெடைக்கட்டும். அண்ணாச்சி நடையா நடந்து எழுதினதுல்லா. எங்களுக்கு அடுத்த வரிசையில தராமலா போவாவ?"

ஒன்றரை மணி நேர நடை. போய் நின்று, நான் சொன்னது பொய் என்று சொல்லியிருந்தால் வீடு கிடைத்திருக்கும். பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளக்கூட நான் துணிந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பக்கத்தில் அவள் நிற்பாள். அவளுக்குப் பித்தளை இருந்தது, பிச்சிப்பூ இருந்தது, இப்போது வீடும் இருந்தது. அதைத் தூக்கி என்னிடம் கொடுக்கிற மனசும் அவளுக்கே இருக்கவேண்டுமா? வக்கீல் வீட்டம்மா அதையும் பார்த்து அவளை மெச்சவேண்டுமா? அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒன் பிச்ச எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

என் கணவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அடுத்த வரிசை வீடுகளுக்கு எழுதவேண்டிய மனுவின் வெள்ளைத்தாள் மடியில் இருந்தது.

"ஏட்டி, நீ அவுககிட்ட ஏதும் சொன்னியா?" என்று கேட்டார்.

"நான் என்ன சொல்லுவேன்? வேண்டியவங்களுக்குக் குடுத்துட்டாவ. ஒங்களுக்குத்தான் சூது தெரியல" என்றேன்.

அவர் என் பேச்சைச் சந்தேகப்பட்டதே இல்லை. அன்றும் படவில்லை. அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்தார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வந்தார். சங்கத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. மூன்றாவது முறை செயலாளரே வந்தார், உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லும்படி என் கணவர் என்னை வாசலுக்கு அனுப்பினார். பிறகு யார் யாரோ மனு எழுதினார்கள். அடுத்த வரிசை எழும்பவே இல்லை. அவர் எழுதாமல் விட்டதாலா, யுத்தம் வந்ததாலா, எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு என் கணவர் எத்தனையோ வருஷம் உயிரோடு இருந்தார். தென்காசி சாலையில் அந்த நாலு வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "வேண்டியவங்களுக்குக் கட்டின வீடு" என்பார். நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. நான் ஆமாம் என்பேன்.