முன்கூட்டி இறங்கிய கை

கிரேன் ஓட்டுநருக்கு அது முதுகுவலியில் தொடங்கியது. உயரத்தில், ஆடும் இருக்கையில் நாள் முழுக்கக் கீழே குனிந்து பார்க்கிற வேலை. வலிக்கென்று டாக்டர் எழுதிய மாத்திரை, வலி போன பிறகும் நிற்கவில்லை. அதைப் போதை என்று அவர் நினைக்கவே இல்லை. போதை என்றால் தெருவில் விழுந்து கிடக்க வேண்டும், நான்தான் நேரத்துக்கு வேலைக்குப் போகிறேனே என்பது அவர் வாதம்.

கீழே நின்று சைகை காட்டுபவன் அவர் மனைவியின் தம்பி. மேலே இருப்பவருக்குச் சுவருக்கு அப்பால் தெரியாது. மச்சானின் கைதான் கண். அவன்தான் முதலில் கண்டுபிடித்தான்: ‘இறக்கு’ என்று காட்டினால் சுமை தாமதித்தே இறங்குகிறது. மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். அக்கா குடும்பம் என்னாவது? சுமை சுவரைத் தாண்டும் முன்பே கையை இறக்கப் பழகிக்கொண்டான். இவன் அவசரமும் அவர் தாமதமும் சேர்ந்து சரியாக வந்தது. பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரைக்கும் அந்தப் பாசம் சௌகரியமாகவே இருந்தது.

ஒருநாள் மகள் கூப்பிட்டது காதில் விழுந்தும், திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வெகுநேரம் ஆயிற்று. பயந்துபோனார். முதுகுக்கு வைத்தியம் என்று நீண்ட விடுப்பு எடுத்து, மாத்திரையை விடுவதற்கான சிகிச்சையில் சேர்ந்தார்.

“தம்பிகிட்டயாவது சொல்லுங்களேன்” என்றாள் மனைவி.

“விட்டுட்டேன்னு தம்பட்டம் அடிச்சுட்டு மறுபடி விழுந்தா? மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?”

திரும்பி வந்த அன்று முதல் சுமை, ஒரு கட்டு இரும்புக் கம்பி. மச்சான் வழக்கம்போல முன்கூட்டிக் கையை இறக்கினான். சுமையும் அதே நொடியில் இறங்கியது. பாதி எழும்பிய சுவரின் தலையில் கம்பி மோத, செங்கற்கள் அந்தப் பக்கம் சரிந்தன. அங்கே வேலை செய்த கொத்தனார் அப்போதுதான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அவர் சாந்து பூசும் கரணை மட்டும் அடியில் புதைந்தது.

“யாருய்யா சிக்னல் குடுத்தது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று மேலாளர் கத்தினார். “நாளையிலேர்ந்து நீ வராத.”

மச்சான் வாய் திறக்கவில்லை. தானும் மூடிக்கொண்டிருந்தால் இருக்கை தனக்கே என்பது ஓட்டுநருக்குத் தெரியும். மச்சான் இத்தனை நாள் ஏன் முன்கூட்டியே கையை இறக்கினான் என்பதும் இப்போதுதான் புரிந்தது. இறங்கி வந்தார்.

“சார், நான் மாத்திரை போட்டுட்டுதான் ஓட்டிட்டிருந்தேன். என் கை மந்தம்னு அவன் முன்னாடியே காட்டிப் பழகிட்டான்.”

“இப்பவும் போடுறியா?”

“விட்டுட்டேன். அதான் இன்னைக்கு உடனே இறக்கிட்டேன்.”

“நான் எப்படிய்யா நம்புறது?”

ஓட்டுநர் கிரேன் சாவியைக் கொடுத்தார்.

“ரெண்டு பேரும் கம்பி கட்டுற வேலைக்குப் போங்க. டாக்டர் என்ன சொல்றார்னு பாத்துட்டு அப்புறம் யோசிக்கலாம். மொதல்ல இந்தக் கல்ல அள்ளுங்க.”

இருவரும் குனிந்தார்கள்.

“விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா மாமா?”

“தெரியும்னு நீ ஒரு வார்த்தை சொன்னியாடா?”

மச்சான் ஒரு கல்லை எடுத்து அவரிடம் நீட்டினான்.