திராட்சைக்குப் பார்த்த இடம்

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேலை என்பது பாதி நாள் வானத்தைப் பார்ப்பது, மீதி நாள் வானம் செய்ததற்குப் பதில் சொல்வது. மழையோடு மல்லுக்கட்டும் எவருக்கும் இது தெரியாததல்ல. இலங்கையில் றக்வான பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரைக்கு வைன் திராட்சை போட்டுப் பார்க்க ஆசை வந்தது. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மேடு

திராட்சை வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, காலை வெயில் பட வேண்டும், இலை உலரக் காற்று வேண்டும் என்றார் துரை. தோட்டம் முழுக்க ஏறி இறங்கி, கெட்டித் தரையுள்ள ஒரு மேட்டைக் கண்டுபிடித்தேன்.

கொடியைப் பார்த்துக்கொள்ள வந்தவர் புஷ்பம். அவர் குடியிருக்கும் லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மேட்டுக்கு எதிரே பெரிய மலையின் அடிவாரத்தில், மழைத் தண்ணீரெல்லாம் வந்து சேரும் பள்ளத்தில் இருந்தது. முதல் நாள் மேட்டில் நின்று சுற்றிப் பார்த்தவர் சொன்னார்: "இங்க துணி போட்டா மத்தியானத்துக்குள்ள காஞ்சிருங்க ஐயா. எங்க வீட்டுல காயவே காயாது."

கூரை

திராட்சைக்கு ஓய்வெடுக்க வறண்ட காலம் ஒன்று வேண்டும். இங்கே இரண்டு பருவ மழைக்கு நடுவிலும் மழைதான். இலையெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. துரை இரும்புக் குழாய் நட்டு, கொடிகளுக்கு மேல் தடித்த பொலித்தீன் கூரை போட்டார்.

அதே வாரம் புஷ்பம் வீட்டுப் பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. அலுவலகத்தில் சொன்னேன். பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதைப் புஷ்பத்திடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கொடியைக் கட்டியபடியே அவர் சொன்னார்: "பரவாயில்லீங்க ஐயா. மொதல்ல கொடி நனையாம இருக்கட்டும்."

பழம்

மேகம் விலகாத ஊரில் பழத்துக்கு இனிப்பு எங்கிருந்து ஏறும்? துரை ஒன்றை வாயில் போட்டார், முகம் சுளித்தார், இறங்கிப் போனார். புஷ்பமும் ஒன்று தின்று பார்த்தார். "மீன் கொழம்புல புளிக்குப் பதிலா போடலாங்க."

அந்த மழை

தென்மேற்கு மழை விடாமல் பிடித்த ஒரு மத்தியானம், மலையடி ஊற்றில் தண்ணீர் சேறாக வந்தது. மலை சரியுமுன் அப்படித்தான் வரும். பயந்துபோய் லயத்துச் சனத்தையெல்லாம் மேடேறச் சொன்னேன். அங்கே கூரையுள்ள இடம் திராட்சைத் தோட்டம்தான். கொடிகளை வெட்டி இடம் பண்ணினோம்.

தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போதே எதிர்மலை சரிந்தது. புஷ்பத்தின் வீடு மண்ணுக்குள் போனது. ஆட்கள் எல்லோரும் மேலே இருந்தார்கள். அப்படியும் இன்னொரு முறை தலை எண்ணினேன். புஷ்பம் காய்ந்த தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "நல்லா எடம் பாத்துத்தான் நட்டிருக்கீங்க ஐயா. எங்களுக்கும் யாராச்சும் இப்படி எடம் பாத்திருக்கலாம்."

அந்த மேட்டிலிருந்து இன்றுவரை ஒரு போத்தல் வைன் இறங்கவில்லை. ஆனால் லயத்துச் சனம் அங்கே வீடு கட்ட இடம் கேட்டால், அது திராட்சைக்கு ஒதுக்கிய நிலம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள்.