கிளட்ச் டீச்சருக்கு ஓர் இன்ஜின்

அந்த ஊரில் அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் சிரிப்பது பல்லுக்காரர் செய்த பல்லால்தான். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல்செட்டு செய்து அனுப்பிவைப்பார். போட்டுக்கொள்கிறவருக்கு இவரைத் தெரியாது. இவருக்கும் அவர்கள் முகம் தெரியாது, வாய் மட்டும் தெரியும். கடைத்தெருவில் யாராவது கொட்டாவி விட்டால் போதும், "பாத்தியா, நம்ம சரக்கு!" என்று மனைவியின் முழங்கையை இடிப்பார். மனுஷனுக்குப் பளபளப்பு என்றால் உயிர். ஒரு பல்லை மெருகு போட உட்கார்ந்தார் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அடுக்களையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் தலை நிமிராது.

மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "கிளட்ச்சு! கிளட்ச்சு! ஐயோ, கிளட்ச்சு!" என்று அவர் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஊரே அவரைக் கிளட்ச் டீச்சர் என்றது. வேலை முழுக்கக் காருக்குள்தான், ஆனால் ஸ்டியரிங் மட்டும் எப்போதும் அடுத்தவர் கையில். டீச்சர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிக்க வேண்டும். சுவரில் முட்டப்போகிறவனைக் காப்பாற்ற ஒரு மிதி, சாக்கடையில் இறங்கப்போகிறவளைக் காப்பாற்ற ஒரு மிதி. இப்படியே இருபது வருடம்.

ஒருநாள் சாயங்காலம் வந்து, கைப்பையை வீசிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க, எனக்கு ஒரே ஒரு தடவை ஆக்சிலேட்டரைத் தரையோட தரையா மிதிக்கணும். முன்னாடி நாய், சைக்கிள், ஸ்கூல் பஸ், எதுவும் வரக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"மிதியேன். யார் வேண்டாங்கறா?"

"பழைய விமான ஓடுதளத்துல கார் ஓட்டம் நடக்குதே, பேர் குடுத்துட்டு வந்துட்டேன்."

விமானம் வந்து எத்தனையோ காலமான ஓடுதளம் அது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார்ப் பைத்தியங்கள் அங்கே கூடி, ஒவ்வொருவராக முழு வேகத்தில் ஓட்டி நேரம் பார்ப்பார்கள். இந்த வருடத்தோடு அதற்கும் மங்களம். அடுத்த வருடம் அந்த இடத்தில் கிடங்குகள் எழும்பப்போகின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே ஓட்டம்தான். சொதப்பினால் சொதப்பியதுதான், இரண்டாவது வாய்ப்புக்கு ஓடுதளமே இருக்காது.

"எந்தக் கார்ல ஓடப்போறே?" என்று கேட்டார் பல்லுக்காரர்.

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். வாசலில் நின்றது, பயிற்சிப் பள்ளி கழித்துக்கட்டிய வெள்ளைக் கார். நாலு பக்கமும் நசுங்கல். ஒரு கதவில் 'பழகுநர்' என்ற எழுத்து பாதி உரிந்து 'பழகு' என்று மட்டும் மிச்சமிருந்தது. பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்திருந்தார்.

பல்லுக்காரர் காரைப் பார்த்தார். அப்புறம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஒரு புடவைகூட ஆசைப்பட்டுக் கேட்காதவள், கேட்டதுதான் கேட்டாள், இதையா கேட்க வேண்டும்! ஆனால் அந்த முகத்துக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"சரி, பண்ணிடலாம்" என்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டது அந்த நிமிஷம்தான்.

இன்ஜின் அவருக்குப் புதிதில்லை. இளவட்டமாக இருந்தபோது பள்ளித் தோழன் ஒருவனோடு சேர்ந்து அகப்பட்ட மோட்டார் சைக்கிளையெல்லாம் பிரித்து மேய்ந்தவர். அந்தத் தோழன் இப்போது லேத்துப் பட்டறை வைத்திருந்தான். அதனால் எல்லோருக்கும் அவன் பெயர் லேத்து. வந்து காரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "டேய், இது இன்ஜின் இல்லடா, தூங்குமூஞ்சி. பொறந்ததுல இருந்து ரெண்டாவது கியரைத் தாண்டியே இருக்காது" என்றான்.

அதுதான் அதிர்ஷ்டம். கிளட்ச் எத்தனையோ முறை கருகியிருந்ததே ஒழிய, வேகம் காணாத இன்ஜினின் உள்பக்கம் தேய்மானமே இல்லாமல் இருந்தது. கையில் இருந்த காசோ ஒரு பந்தய இன்ஜினின் மூடி வாங்கக்கூடக் காணாது. ஆகவே மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பேரிங், பிஸ்டன் வளையம், கேஸ்கெட், போல்ட் இவை மட்டும் புதிது. மற்றதெல்லாம் உடைசல் கடையில் தேடிப் பிடிப்பது, இல்லாவிட்டால் கையால் செய்வது.

கையால் செய்வது என்று வந்துவிட்டால் பல்லுக்காரரை மிஞ்ச ஆள் ஏது? பிஸ்டன்கள் நாலும் ஒரே எடையில் இருந்தால்தான் இன்ஜின் வேகத்தில் உதறாது. தங்கப் பல்லுக்கு உலோகம் நிறுக்கும் தராசில் அவற்றை நிறுத்து, கனமானதை மயிரிழை மயிரிழையாக ராவி மற்றதன் எடைக்குக் கொண்டுவந்தார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் துளைகள் நாலு. லேத்து சொல்லச் சொல்ல முதல் துளையை அகலப்படுத்தி வளைவை நேராக்கினார். பிறகு பல் அச்சு எடுக்கும் பசையை அதில் ஊற்றி, இறுகியதும் உருவி எடுத்து, மற்ற மூன்றையும் அதே வார்ப்பாகக் குடைந்தார். எல்லாம் பல் ராவுகிற அந்தச் சின்ன மெஷினில்.

வீடு வீடாக இல்லை. பிஸ்டனைத் தாங்கும் கம்பிகள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பாங்கில் வேலை பார்க்கும் மகள் ஐஸ் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், ஐஸ் தட்டில் நாலு இரும்புக் குழல்கள்.

"அப்பா! இது என்ன கன்றாவி?"

"பிஸ்டன் பின்னும்மா. குளிர்ந்தா கொஞ்சம் சுருங்கும், மாட்ட லேசா இருக்கும். கை வைக்காதே."

"வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஜூஸ் கேட்டா இதைத்தான் போட்டுக் குடுக்கப்போறேன், பாருங்க!"

"இரும்புச் சத்துடி, உடம்புக்கு நல்லது" என்றார் டீச்சர், ஒரு வால்வைத் துடைத்தபடி. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் மகளுக்குக் கோபம் நிலைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் இவ்வளவு சிரிப்புக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு நேரம் என்று இருந்தவர்கள், இப்போது கறுத்த விரல்களோடு ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எல்லாம் முடிந்தது என்று லேத்து சொன்னபிறகு பல்லுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? துளைகளின் உள்சுவரை மெருகு போட உட்கார்ந்தார். பல்லுக்குப் போடுகிற அதே பிரஷ், அதே பொடி. நாலு துளையும் கண்ணாடியாக மின்னின. யார் வீட்டுக்கு வந்தாலும் டார்ச் அடித்துக் காட்டினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளைக்கூட விடவில்லை.

இன்ஜினைக் காரில் ஏற்றி, பட்டறைக்குப் பின்னால் ஆளில்லாத நீண்ட பாதையில் டீச்சர் முதன்முதலாக மிதித்தார். கார் விக்கியது. இருமியது. திரும்பவும் விக்கி, பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல ஒரேயடியாகப் பாய்ந்தது. வேகம் பிடித்தபின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கிளம்புகிற இடத்தில் திக்கித் திணறுகிற காருக்கு ஓட்டத்தில் என்ன மரியாதை? முதலுக்கே மோசம். லேத்து பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைத் திருகினான், மாலைவரை மல்லுக்கட்டினான். பழைய குருடி கதவைத் திறடி.

டீச்சர் இறங்கி வந்தார். "பெட்ரோல் வருது. ஆனா அதை முழுங்காம வாயிலயே வச்சுக்கிட்டிருக்கு. காலுக்குத் தெரியுது."

லேத்து கார்புரேட்டரைக் கழற்றினான். பல்லுக்காரர் வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை அந்தத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். அவர் இழைத்து இழைத்து மெருகேற்றிய சுவரில் பெட்ரோல் வழிந்து, அடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது.

லேத்து தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவி, பெட்ரோல் போற வழியில யாராவது இந்த மெருகு போடுவாங்களா? சுவர் கொஞ்சம் சொரசொரன்னு இருந்தாதான் ஓரத்துல காத்து சுழலும், பெட்ரோலைத் திரும்பத் தூக்கிட்டுப் போகும். நீ சறுக்குமரம் கட்டி வச்சிருக்கே! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தியேடா!"

"அப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"ஹெட்டைக் கழட்டு. முரட்டு உப்புத்தாளைப் போட்டுத் தேய். மின்னுறதெல்லாம் பொன்னில்ல."

பல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. "என் கையால சொரசொரப்பு வராது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

இரண்டு நாள் முன்னறைப் பக்கமே யாரையும் விடவில்லை. கார்புரேட்டரில்தான் கோளாறு என்றார், பெட்ரோலே கலப்படம் என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஓட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

மூன்றாம் நாள் காலை டீச்சர் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்றார். குரலை உயர்த்தவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல், அன்றைக்கு அவருக்கு மட்டும் கேட்டது.

"நான் ஓடணுமா, உங்க வேலை மின்னணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. ஓட வேண்டாம்னா பேரை வாபஸ் வாங்கிட்டு வந்துடறேன். எனக்கு வருத்தம் இல்ல."

வருத்தம் இல்லையாம். கண் வேறு கதை சொன்னது.

அவர் மேஜைக்குத் திரும்பினார். யாருக்கோ முடித்து வைத்த பல்செட்டு ஒன்று அங்கே இருந்தது. எடுத்துத் திருப்பினார். வெளிப்பக்கம் முத்தாக மின்னியது. ஈறில் உட்காருகிற உள்பக்கமோ அச்சில் எப்படி வந்ததோ அப்படியே, மெருகில்லாமல் இருந்தது. இருக்கத்தான் வேண்டும், அங்கே மெருகு போட்டால் பல்செட்டு வாயில் நிற்காது. தொழில் கற்க வந்த முதல் மாதமே தெரிந்துகொண்ட பாடம். ஊர் வாய்க்கெல்லாம் தெரிந்து செய்தவன், பெண்டாட்டி காருக்கு மட்டும் ஆடம்பரம் காட்டிவிட்டேனே என்று வெட்கமாகப் போனது. தன்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டு லேத்துக்குப் போன் போட்டார்.

"ஸ்பானரை எடுத்துக்கிட்டு வாடா."

"புத்தி வந்துச்சா?"

"வந்துச்சு. வாயை மூடிக்கிட்டு வா."

உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, பெட்ரோல் போகும் நாலு துளைகளையும் தேய்த்தார். முதல் தேய்ப்பில் பல் கூசியது. இரண்டாம் துளைக்கு வந்தபோது முனகல் நின்றது. நாலாவதில் சீட்டியே அடித்தார். திரும்பப் பூட்டப் புது கேஸ்கெட் வேண்டுமே என்று நினைத்தபோது, மகள் பாங்கிலிருந்து வரும் வழியில் வாங்கி வந்து மேஜையில் வைத்தாள். "ஃபிரிட்ஜ் எனக்குத் திரும்பக் கிடைக்கணும், அதுக்காகத்தான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் பெரிய பெரிய கார்கள் வந்திருந்தன. நம் வெள்ளைக் காரைப் பார்த்து, "ஏம்மா, லைசென்ஸ் எடுக்கிற இடம் இது இல்ல" என்றான் ஒருத்தன். டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "உனக்கு லைசென்ஸ் எடுத்துக்குடுத்ததே நான்தான்டா" என்றார். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர்!" என்று பதறிக்கொண்டு பின்னால் போய்விட்டான்.

டீச்சர் கோட்டில் வந்து நின்றார். விக்கிவிடாதே என் ராஜா, ஒரு தடவை, அவளுக்காக ஒரே ஒரு தடவை என்று பல்லுக்காரர் இன்ஜினிடம் கெஞ்சினார். லேத்தின் கையை நசுக்கிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது.

கொடி இறங்கியது.

விக்கவில்லை. கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. அடித்தொண்டையில் ஆரம்பித்த சத்தம் ஏறி ஏறி, முழுக் குரலாக ஓடுதளம் முழுக்க நிறைந்தது. வெள்ளைக் கார் புள்ளியாகிற வரை அது ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. "போயிட்டாடா! போயிட்டாடா!" என்று பல்லுக்காரர் குதித்தார், அழுதார், மகளைக் கட்டிக்கொண்டார்.

அவர் ஓடிய பிரிவில் மூன்றாமிடம். பரிசு முதலிரண்டு பேருக்குத்தான். யாருக்கு வேண்டும் பரிசு? டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் முகமாக இருந்தது.

ஓட்டங்கள் முடிந்த பிறகு, கடைசி வருடம் ஆயிற்றே என்று, ஹெல்மெட் போட்ட ஒருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு சுற்று ஓட்டலாம் என்று அறிவித்தார்கள்.

"ஏறுங்க" என்றார் டீச்சர்.

"நானா? எனக்கு எதுக்கு? வேகம்னாலே எனக்குத் தலை சுத்தும்."

"பண்ணினது நீங்க. உள்ள உக்காந்து ஒரு தடவை கேளுங்க. ஏறுங்க, சொல்றேன்."

ஏறினார். கொடி இறங்கியதும் முதுகு இருக்கையில் போய் அறைந்தது. வாயிலிருந்து தன்னையறியாமல் ஓர் அலறல் கிளம்பியது. டீச்சர் பழக்கதோஷத்தில் சட்டென்று காலைத் தளர்த்தினார்.

"என்னங்க, பயமா இருக்கா? நிறுத்தட்டுமா?"

பல்லுக்காரர் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூன்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார்:

"காலை எடுக்காதே! மிதிடி, மிதி!"